மனோராவின் தேதி

1

பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் தென்னந்தோப்புகள் ஓய்ந்து காற்றில் உப்பு ஏறுகிறது. அங்கே சாளுவநாயக்கன்பட்டினம் என்ற கடற்கரைக் கிராமத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. அறுகோண வடிவம், 8 அடுக்கு, உயரம் 75 அடி இருக்கும். மேலே போகப் போகக் குறுகுகிறது. வளைவு ஜன்னல்கள், உள்ளே சுழன்று ஏறும் படிகள், சுற்றி மதிலும் அகழியும். எதிரே ஆழமில்லாத, அலை அதிகம் அடிக்காத பாக் ஜலசந்தி.

பார்த்தவுடன் எழும் கேள்வி, இது என்ன என்பதுதான். கோயில் அல்ல, மசூதி அல்ல, மாதாகோயிலும் அல்ல. அரண்மனை என்று சொல்ல உள்ளே இடம் போதாது. கோட்டை என்று பலகைகள் சொல்கின்றன. எதைக் காப்பதற்கான கோட்டை என்று கேட்டால் பதில் இல்லை. சுற்றுவட்டாரத்தில் இதற்கு முன்மாதிரியும் கிடையாது, வாரிசும் கிடையாது. ஊர் இதை மனோரா என்கிறது. அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஒரு பொருளுக்கு உபயோகம் தெரியாமல் போகும்போது அதைச் சுற்றிக் கதைகள் கூடத் தொடங்குகின்றன. இது எல்லா ஊருக்கும் பொது. நம்முடைய ஸ்தலபுராணங்களில் பாதி இப்படிப் பிறந்தவைதான். மனோராவின் விசேஷம், இதன் காரணம் கோபுரத்திலேயே கல்லில் எழுதப்பட்டிருக்கிறது என்பது. எழுதியிருந்தும் கதைகள் நிற்கவில்லை. கல்லில் எழுதியதே ஒரு கதையாக இருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு வந்தது பிற்பாடுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2

2017இல் நான் வேலை பார்க்கும் வங்கி என்னை அந்தப் பக்கத்துக் கிளை ஒன்றுக்கு மாற்றியது. குமாஸ்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நீளமானது. இரண்டாவது ஞாயிறே மனோராவுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். எங்கே போகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

"ராணிக்குக் கட்டினது தம்பி. மனோரான்னு அந்த அம்மா பேரு. தஞ்சாவூர் ராஜா ஆசையா வச்சிருந்தது. கடல் பாக்கணும்னு சொல்லிச்சாம். கட்டிக் குடுத்துட்டாரு."

கோபுரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் இன்னொன்று சொன்னார்கள். உள்ளே ஒரு சுரங்கம் இருக்கிறது, நேரே தஞ்சாவூர் அரண்மனைக்குப் போகிறது, ராஜா குதிரை மேலேயே வருவார். தஞ்சாவூர் அங்கிருந்து 65 கிலோமீட்டர். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் அது கப்பலுக்கு விளக்குக் காட்டிய கோபுரம் என்றார். அதைச் சொன்னபோது அவர் கோபுரத்தைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார்.

பிறகு ரோட்டோரம் ஒரு டீக்கடை. கடைக்காரர் அறுபதைத் தாண்டிய முஸ்லிம். எல்லோரும் பாய் என்று கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டேன். மனோரா என்றால் என்ன பாய் என்று கேட்டேன்.

"மினாராதான் தம்பி, ஜனங்க வாயில மனோரான்னு ஆயிடுச்சு. நாகூருக்குப் போயி பாத்ததில்லையா?"

நான் சிரித்தேன். இந்தச் சிரிப்பைக் குறித்துவைக்க வேண்டும். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன், வருவதற்கு முன் சுற்றுலாப் பிரசுரம் ஒன்றையும் படித்துவிட்டு வந்தவன் சிரிக்கும் சிரிப்பு அது.

"இல்லீங்க பாய். 1815லே ஐரோப்பாவில வாட்டர்லூன்னு ஒரு எடத்துல பெரிய சண்டை. வெள்ளைக்காரன் நெப்போலியனை ஜெயிச்சான். அந்த ஞாபகத்துக்கு சரபோஜி ராஜா கட்டினது."

பாய் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ராஜா அந்தச் சண்டைக்குப் போனாரா?"

"இல்லை. அது வெள்ளைக்காரன் சண்டை."

"அப்ப இவரு எதுக்குக் கட்டினாரு?"

விசுவாசம் என்றேன். பாய் ஒன்றும் சொல்லவில்லை. டீ நன்றாக இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, ஒரு வார்த்தையைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன் என்று உறைத்தது.

3

வங்கி வேலையில் எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் தேதியைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. தொகை, கையெழுத்து எல்லாம் அப்புறம். மனோராவின் ஆங்கிலக் கல்வெட்டு வாசகத்தை நான் அப்படிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, பிரசுரத்தை நம்பிவிட்டேன்.

கல் சொல்வது சுருக்கமானது. ஆங்கில அரசின் நண்பரும் கூட்டாளியுமான மகாராஜா சரபோஜி, ஆங்கிலப் படைகளின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர இதை எழுப்பினார் என்பது அதன் சாரம். ஆண்டு 1814. வாட்டர்லூ என்ற பெயர் அதில் இல்லை. இருக்கவும் முடியாது. வாட்டர்லூ நடந்தது 1815 ஜூன் 18இல்.

ஆக, நான் பாய்க்குச் சொன்னதும் ஒரு கதைதான். பலகைகளும் பிரசுரங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி, அச்சானதாலேயே நிஜமாகிவிட்ட கதை. இது எப்படி வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. நெப்போலியன் தோற்ற இடம் எது என்று எந்தப் பள்ளிக்கூடப் பையனைக் கேட்டாலும் வாட்டர்லூ என்பான். கோபுரம் நெப்போலியனின் தோல்விக்காக எழுந்தது என்றால் அது வாட்டர்லூவுக்காகத்தான் இருக்க வேண்டும். கல்லில் இருக்கும் தேதி குறுக்கே நிற்கிறதே என்றால், 1814-15 என்று ஒரு கோடு போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். ராணியின் பெயர் மனோரா என்று சொன்ன பெரியவரும் இதே காரியத்தைத்தான் செய்தார். தெரிந்த ஒன்றை எடுத்துத் தெரியாத இடத்தில் பொருத்தினார். அவர் செய்தால் ஐதீகம், நாம் செய்தால் சரித்திரம்.

1814இல் நடந்தது வேறு. 1813 அக்டோபரில் லைப்சிக் போரில் நெப்போலியன் நொறுங்கினான். 1814 மார்ச் 31இல் நேச நாட்டுப் படைகள் பாரிஸுக்குள் நுழைந்தன. ஏப்ரலில் அவன் முடிதுறந்தான். மே மாதம் எல்பா தீவில் இறங்கினான். ஐரோப்பா முழுவதும் மணி அடித்துக் கொண்டாடியது. அந்தக் காலத்தில் லண்டன் செய்தி கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்னை வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அப்படி வந்த செய்திக்குத் தஞ்சாவூரின் பதில் இந்தக் கோபுரம்.

ஆனால் விஷயம் முடிந்திருக்கவில்லை. 1815 பிப்ரவரி 26இல் நெப்போலியன் எல்பாவிலிருந்து தப்பினான். மார்ச் 20இல் பாரிஸில் மறுபடி சக்கரவர்த்தி. அந்தச் செய்தியும் கப்பலேறித்தான் வந்திருக்கும். அது வந்து சேர்ந்தபோது மனோராவில் கொத்தனார்கள் சாரத்தின் மேல் நின்றிருந்தார்களோ, அல்லது சுண்ணாம்பு உலர்ந்து முடிந்திருந்ததோ. எப்படியானாலும், வீழ்ந்துவிட்டான் என்று எழுதிய கல் நிற்க, வீழ்ந்தவன் எழுந்துவிட்டான். பின்தேதியிட்ட காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு பணம் வருமா என்று காத்திருப்பவன் நிலைதான் அந்தக் கல்லுக்கு. ஜூன் 18இல் அது செல்லுபடியாயிற்று. தேதியை மட்டும் யாரும் திருத்தவில்லை.

திருத்தாமல் விட்டது நல்லது. திருத்தியிருந்தால் நமக்குப் பிடிகொடுக்கும் இடம் ஒன்று குறைந்திருக்கும்.

4

பாயின் கேள்விக்கு வருகிறேன். இவர் எதற்குக் கட்டினார்?

நம்மிடம் சுலபமான பதில் ஒன்று தயாராக இருக்கிறது: அடிவருடித்தனம். 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அதற்கு ஒன்பதாவது நாள், அக்டோபர் 25இல், சரபோஜி கும்பினியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தஞ்சாவூர் ராஜ்யத்தின் நிர்வாகம் முழுவதையும் ஒப்படைத்தார். ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு விதமான முடிவுகள். ஒருவனுக்குப் பாட்டும் நாடகமும் சினிமாவும் கிடைத்தன. இன்னொருவருக்கு ஒரு நூலகத்தின் பெயரும் சங்கீதச் சரித்திரத்தில் சில பக்கங்களும். மேடைப்பேச்சுக்கு இந்த எதிர்நிலை மிகவும் சௌகரியமானது. கட்டுரைக்குப் போதாது.

1799 ஒப்பந்தத்தில் சரபோஜிக்கு மிஞ்சியவை இவை: மகாராஜா பட்டம், தஞ்சாவூர்க் கோட்டையும் அதையொட்டிய பகுதியும், ஆண்டுக்கு 1 லட்சம் பகோடா, மேற்கொண்டு நாட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நிலம் போயிற்று, வரி போயிற்று, படை போயிற்று, நீதி போயிற்று. பட்டமும் வீடும் பென்ஷனும் நின்றன.

1814 ஏப்ரல் 11ஆம் தேதியிட்ட ஃபோந்தேன்ப்ளோ ஒப்பந்தத்தில் நெப்போலியனுக்கு மிஞ்சியவை இவை: சக்கரவர்த்தி பட்டம், எல்பா தீவு, ஒரு சிறு காவற்படை, ஆண்டுக்கு 20 லட்சம் பிராங்க்.

இரண்டு ஒப்பந்தங்களையும் அருகருகே வைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷரத்துகளின் வரிசைகூட ஒன்றாக இருக்கிறது. தோற்றவனுக்கு அவன் பெயரை விட்டுவை, உட்கார ஓரிடம் கொடு, செலவுக்குக் கொடு, மற்றதை எடுத்துக்கொள். இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு எழுதிய பொதுவான பத்திரம்போலும். 1814இல் ஒரு சக்கரவர்த்தி கையெழுத்திட்டதை அதற்கு 15 ஆண்டுகள் முன்பே கையெழுத்திட்டு, அப்படியே வாழ்ந்துகொண்டிருந்தவர் சரபோஜி. அவருடைய எல்பா, தஞ்சாவூர்க் கோட்டை.

அப்படியானால் அந்தக் கோபுரம் கொண்டாடுவது என்ன? உலகத்தையே நடுங்கவைத்த ஒருவன், கடைசியில் தன்னைப்போலவே பட்டமும் பென்ஷனும் உள்ள மனிதனாக ஆனதை ஒரு மனிதர் கொண்டாடுகிறார். அந்தச் செய்தி வந்த அன்று சரபோஜியின் மனதில் என்ன ஓடியது என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. இட்டுக்கட்டப் போவதும் இல்லை. ஆனால் ஒப்பந்தங்கள் இரண்டும் இருக்கின்றன. கல் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் விசுவாசம் என்றோ அடிவருடித்தனம் என்றோ ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாது என்று மட்டும் தோன்றுகிறது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் லூயி நெப்போலியனுக்கு அந்த 20 லட்சத்தைக் கொடுக்கவில்லை. அவன் தீவை விட்டுக் கிளம்பியதற்குச் சரித்திரக்காரர்கள் சொல்லும் காரணங்களில் அது ஒன்று. சரபோஜிக்குக் கொடுப்பனவு நிற்கவில்லை. 1832இல் சாகும்வரை அவர் கோட்டையில் இருந்தார்.

5

சரித்திரத்தின் விஷமம் இதோடு நிற்கவில்லை. வாட்டர்லூவில் ஜெயித்த வெல்லிங்டனின் அசல் பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1799இல் திப்பு விழுந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவன் இருந்தான். அவன் அண்ணன் ரிச்சர்ட் வெல்லெஸ்லி அப்போது கவர்னர் ஜெனரல். தஞ்சாவூர் கைமாறியது இந்த அண்ணனுடைய ஆட்சியில்தான். பலகைகள் சொல்வதுபோல் மனோரா வாட்டர்லூவின் நினைவுச்சின்னமானால், தன் நாட்டை எடுத்துக்கொண்டவனின் தம்பிக்குத் தஞ்சாவூர் ராஜா கோபுரம் கட்டினார் என்று ஆகும். 1814 என்ற தேதி அவரை இந்த ஒரு அவமானத்திலிருந்தாவது காப்பாற்றுகிறது.

இன்னொன்று. நெப்போலியனின் பயம் இந்தக் கரைக்கு வெறும் வதந்தி அல்ல. 1798இல் அவன் எகிப்தில் இறங்கியதே இந்தியாவுக்கு வழிதேடித்தான் என்று ஆங்கிலேயர் நம்பினார்கள். 1799 ஜனவரியில் அவன் கெய்ரோவிலிருந்து திப்புவுக்கு எழுதிய கடிதம் போய்ச் சேராமல் வழியில் ஆங்கிலேயரிடம் சிக்கியது. இதே கரையில் வடக்கே காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஊர். போர்க்காலத்தில் அதையும் பாண்டிச்சேரியையும் ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்தார்கள். ஆனால் நெப்போலியன் விழுந்ததன் பலன் என்ன? 1814 மே 30இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி அந்த ஊர்கள் பிரெஞ்சுக்காரருக்கே திரும்பப் போயின. 1816-17இல் ஒப்படைப்பும் நடந்தது. போனபார்ட்டின் வீழ்ச்சியை எழுதிய கோபுரம் இங்கே நிற்க, இதே கரையில் கொஞ்சம் வடக்கே பிரெஞ்சுக் கொடி மறுபடி ஏறியது. வெற்றி என்ற சொல்லைக் கல்லில் வெட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்து வெட்டலாம்.

சரபோஜிக்குக் கல்லில் எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. 1803இல் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் போன்ஸ்லே வம்சத்தின் சரித்திரத்தை மராத்தியில் மிக நீளமாக வெட்டிவைத்தார். ராஜராஜன் கொடைகளையும் நிபந்தங்களையும் வெட்டிய அதே கோயில். ராஜராஜன் எழுதியபோது ஆட்சி இருந்தது. சரபோஜி எழுதியபோது ஆட்சி போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. வம்சம் முடிந்துகொண்டிருப்பதை அறிந்தவர் வம்ச சரித்திரம் எழுதினார் என்று நினைக்கிறேன். அவர் மகன் சிவாஜி 1855இல் ஆண்வாரிசில்லாமல் இறந்ததும் கும்பினி பட்டத்தையும் எடுத்துக்கொண்டது.

அதற்காக, எழுதுவதைத் தவிர வேறொன்றும் செய்யாதவர் என்று அவரை எண்ண வேண்டாம். சரஸ்வதி மகாலுக்கு ஏடுகளும் ஐரோப்பிய நூல்களும் சேர்த்தார். தேவநாகரி அச்சகம் வைத்தார். வைத்தியம் பார்க்கவும் மருந்து ஆராயவும் தன்வந்திரி மகால் நடத்தினார். கண் நோயாளிகளின் விவரங்களைப் படத்தோடு எழுதிவைத்தார்கள். 1826இல் தஞ்சாவூர் வந்த பிஷப் ஹீபர், இந்த ராஜா லவாய்சியேயையும் லின்னேயஸையும் பஃபோனையும் சரளமாக எடுத்துச் சொல்வதாகவும், ஷேக்ஸ்பியரின் கவித்துவத்தைப் பற்றி பைரனைவிடச் சரியாகக் கணித்திருப்பதாகவும் எழுதினார். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு லெட்ஜர் எழுதும் என்னைப் போன்றவனுக்கு இந்த இடத்தில் ஒரு கூச்சம் வருகிறது. அந்நியனின் இலக்கியத்தை அந்நியனைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு, அதற்கு அந்நியனிடமே நற்சான்றிதழ் பெறும் முதல் தமிழ்நாட்டு வாசகர்களில் அவர் ஒருவர். நாம் அந்த வரிசையில் பின்னால் வந்தவர்கள்.

பைரன் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவனும் 1814 ஏப்ரலில், முடிதுறந்த செய்தி லண்டன் வந்த கையோடு, நெப்போலியனை நோக்கி ஒரு கவிதை எழுதி வெளியிட்டான். அதன் கோபம், தோற்றதற்காக அல்ல. தோற்றபின் சாகாமல் உயிரோடு இருக்கச் சம்மதித்ததற்காக. பைரனும் விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நம்பினான். ஒரே வருஷத்தில் ஒரே செய்திக்கு, லண்டனில் ஒரு பிரபு கவிதை எழுதினான், தஞ்சாவூரில் ஒரு ராஜா கோபுரம் கட்டினார். இருவருமே தேதியில் ஏமாந்தார்கள். பைரனின் கேள்வி நெப்போலியனைவிடச் சரபோஜிக்குப் பொருத்தமானது. நாடு போனபின் உயிரோடு இருப்பது எதற்கு? நூலகமும் அச்சகமும் கண்வைத்தியமும் சங்கீதமும் அவர் சொன்ன பதில். அது மோசமான பதில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏட்டுச்சுவடிகளைச் செல்லரிக்காமல் காப்பாற்றியவரைத் தூக்குமேடை ஏறாததற்காகக் குற்றம் சொல்லும் தகுதி, ஒன்றாம் தேதி சம்பளத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பதிலோடு சேர்ந்துதான் மனோராவும் நிற்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிட்டால் அது மனுநீதிச் சோழன் கதைபோல ஆகிவிடும், சரித்திரம் ஆகாது.

6

இனி ஊர்க் கதைகளுக்குத் திரும்பலாம். படித்தவன் தவறு, பாமரன் சரி என்று முடித்துவிடுவதும் இப்போதைய ஒரு பாஷன். அதிலும் எனக்குச் சம்மதமில்லை. 65 கிலோமீட்டர் சுரங்கம் அபத்தம்; அபத்தம் என்றே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சுரங்கம் இல்லாத பழைய கட்டடம் எதையும் ஜனங்கள் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை.

ராணிக் கதை வேறுமாதிரி. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை வரும் வழியில் ஒரத்தநாட்டில் பெரிய சத்திரம் ஒன்று இருக்கிறது. சரபோஜி தன் பிரியத்துக்குரிய முக்தாம்பாளின் நினைவாகக் கட்டியது. ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே சோறு போட்டார்கள். ராஜா ஒரு பெண்ணுக்காகக் கட்டினார் என்பது அந்தச் சாலையில் நிஜமாகவே நடந்த விஷயம். கதை மட்டும் ஒரத்தநாட்டிலிருந்து கடற்கரை வரை நடந்துவந்து வேறொரு கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டது. பஸ் பெரியவர் சொன்னது பொய் அல்ல, இடம் மாறிய ஞாபகம். சோறு போட்ட கட்டடத்துக்கு ஒரு மனிதக் காரணம் இருந்தது. அதே காரணத்தை ஜனங்கள் காரணம் புரியாத கட்டடத்துக்கும் கொடுத்துவிட்டார்கள்.

பாய் சொன்னது முழுக்கச் சரி. மராத்தியில் கோபுரத்துக்கு வழங்கும் சாதாரணச் சொல்லே மனோரா. சரபோஜியின் அரண்மனை பாஷை மராத்தி. அரபியின் மனாராவும் நாகூரின் மினாராவும் இதுவும் ஒரே சொல். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமான பெரிய மினாராவைக் கட்டியவர் தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிங், 131 அடி. சரபோஜிக்கு முன்பே அந்தக் குடும்பம் இந்தக் கரையில் மினாரா எழுப்பியிருக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம். முன்மாதிரி கிடையாது என்று இந்தக் கட்டுரையின் ஆரம்பத்தில் எழுதினேன். சுற்றுவட்டாரத்தில் கிடையாதுதான், கரையோடு வடக்கே போனால் இருக்கிறது. நான் சிரித்தது இந்தப் பதிலைக் கேட்டுத்தான்.

அரபியில் அந்தச் சொல்லின் வேர் நெருப்பும் வெளிச்சமும். மனாரா என்றால் வெளிச்சம் இருக்கும் இடம், கலங்கரை விளக்கம். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் அரபியும் மராத்தியும் படித்தவர் அல்ல. ராஜா காலத்தில் அங்கே தினம் விளக்கு எரிந்ததா என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. கடலிலிருந்து திரும்புகிறவனுக்குத் தட்டையான இந்தக் கரையில் முதலில் தென்படுவது மனோராதான் என்று அவர் சொன்னார். கல்வெட்டின் பயன் யாருக்கும் நினைவில்லை. சொல்லின் பயன் நடந்துகொண்டிருக்கிறது.

2004 ஆழிப்பேரலையில் மனோராவுக்குச் சேதம் ஏற்பட்டு, பிறகு செப்பனிட்டார்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மூன்று தலைமுறை மரம் ஒரே ராத்திரியில் போயிற்று. அந்த மாதங்களில் கவுண்டருக்கு எதிரே வந்து நின்றவர்கள், கடனைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பாஸ்புக்கை நீட்டிவிட்டு நின்றார்கள். என்னிடம் பதில் இருந்ததில்லை. சர்க்குலரில் என்ன இருந்ததோ அதைச் சொன்னேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.

2019 தொடக்கத்தில் மறுபடி மனோராவுக்குப் போனேன். கோபுரம் நின்றது. டீக்கடையின் கூரை போய்த் தார்ப்பாய் கட்டியிருந்தது. பாய்க்கு என்னை ஞாபகம் இருந்தது. அவர் சொன்ன மினாராதான் சரி, நான் சொன்னது தப்பு, சண்டை வேறு, வருஷம் வேறு என்று சொன்னேன். எதற்குக் கட்டினார் என்று அன்றைக்குக் கேட்டீர்களே என்று ஆரம்பித்து, இரண்டு ஒப்பந்தங்களையும், நாட்டை வாங்கிக்கொண்டு பட்டமும் பென்ஷனும் கொடுத்ததையும் என்னால் முடிந்தவரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"பென்ஷன் ஒழுங்கா வந்துச்சா தம்பி?"

"சாகிறவரைக்கும் வந்துது."

"அப்ப கட்டித்தான ஆகணும்" என்றார்.

காசு கொடுத்தேன். சில்லறையை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.